இயந்திர லாபத்தில் என் பங்கு

இருபது அடிப் பலகை இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் முதலில் சொல்லுங்கள் தம்பி. பதினாறுதான் பெரிசா? ஏன், அதற்கு மேல் மரம் வளர்வதே இல்லையா? ஓகோ, லாரியில் அடுக்க வசதியாக அறுத்துவிடுகிறீர்களா. அது உங்கள் வசதி. எனக்கு இருபது வேண்டும். கனம் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விலையை அப்புறம் பேசுவோம். இப்போதே பேசி உங்கள் முகம் கோணுவானேன். ஏன் நிற்கிறீர்கள், உட்காருங்கள். உங்கள் மரக்கடைதானே. அப்படியே டீ சொல்லுங்கள். எனக்குச் சீனி கம்மி.

என்ன கேட்டீர்கள்? தக்காளிக் கடைக்காரிக்கு இருபதடிப் பலகை எதற்கு என்றா? லாபத்துக்கு. சிரிக்காதீர்கள் தம்பி, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். பலகை நீள நீள லாபம் கூடும். மரக்கடை வைத்திருக்கிற உங்களுக்கே தெரியவில்லை பாருங்கள்.

என் பெயர் கெங்கம்மா. எங்கள் தேனிப் பக்கத்து மண்டியில் வந்து பெயரைச் சொன்னால் கடையைக் காட்டுவார்கள். ‘வாயைக் கொடுத்துடாதீங்க’ன்னும் சொல்லி அனுப்புவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பதினாலு வருஷம் அதே மண்டியில் கூடை சுமந்தேன். அப்புறம் ஒரு கூடை என்னுது, பத்துக் கூடை என்னுது, அப்புறம் கடையே என்னுது. யாரும் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஆனால் நியாயமில்லாமல் வராது. நியாயம் எது என்று நானே பார்த்துக்கொள்வேன்.

இந்தக் கதைக்கெல்லாம் காரணம் இருதயராஜ் சார். என் கடை மாடியில் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அறிவியல் வாத்தியார், டியூசன் நடத்த இடம் வேண்டும் என்று வந்து நின்றார். ஒல்லியான மனுசர், கண்ணாடி மட்டும் கனம். ஆனால் தொண்டை இருக்கிறதே தம்பி, கோயில் மைக் தோற்றுப்போகும். மேலே அவர் பாடம் நடத்தினால் கீழே கல்லாவில் இருக்கிற எனக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்கும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். மேலே இருக்கிற பிள்ளைகள் பணம் கொடுத்துக் கேட்கிறார்கள், எனக்குச் சும்மா வருகிறது. சும்மா வருவதை விடுவேனா?

தினமும் சாயங்காலம் கேட்டேன். கேட்டுக்கொண்டு சும்மாவும் இருக்கவில்லை. “ஒளி ஒரு நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் போகும்” என்று மேலே சத்தம் வரும். நான் கீழே இருந்து, “ரெண்டரைக்கு முடிச்சுக்கலாமா சார்?” என்பேன். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். அவர் படியில் தலையை நீட்டி, “இதுல பேரம் கிடையாது மேடம்” என்பார். பேரம் இல்லாத பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இன்னொரு நாள் பூமி சுற்றுகிறது என்றார். “யார் சார் தள்ளுறது?” என்றேன். “யாரும் தள்ளல. தடுக்க ஒண்ணும் இல்லாததால அது பாட்டுக்குச் சுத்துது” என்றார். ஆளில்லாமல் இத்தனை பெரிய உருப்படி ஓடுகிறது. இங்கே ஒரு பெட்டியை நகர்த்த நான் எத்தனை கத்து கத்த வேண்டியிருக்கிறது!

சும்மா சொல்லக் கூடாது, அவர் பாடத்தில் எனக்கு நன்மையும் உண்டு. பறித்த காய்க்கும் உயிர் இருக்கிறது, அது மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடாகும், சூடானால் சீக்கிரம் பழுத்து அழுகும் என்று ஒரு நாள் சொன்னார். மறுநாளே பெட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னேன். அழுகல் பாதிக்குப் பாதி குறைந்தது. அதிலிருந்து எனக்கு அறிவியல் மேல் ஒரு மரியாதை. காய் கொண்டுவந்த விவசாயி ஒருவரிடம், “உங்க தக்காளி வழியெல்லாம் மூச்சு விட்டு எடை இறங்கி வந்திருக்கு, அதைக் கழிச்சுக்கணும்” என்றேன். அந்த ஆள், “உங்க கடைப் படி ஏறுனதும் மூச்சை நிறுத்திருச்சாக்கா?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியை அடுத்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். படிக்காத ஜனங்கள் தம்பி, என்ன செய்வது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டீ வந்துவிட்டதா, வையுங்கள்.

எங்கள் கடையில் சுமை தூக்க பதினோரு பேர். தலைவன் மாதிரி மொக்கராசு. நான் கூடை சுமந்த காலத்தில் அவனும் சுமந்தான். நான் கல்லாவுக்கு வந்தேன், அவன் அங்கேயே நின்றான். அவனுக்குக் கைக்கு அடங்கினவள், கூடச் சுமக்கிற பவுன்தாய். கைக்கு அடங்கினவள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அவள் வாய்க்கு அவனும் அடங்குவான்.

முன்பெல்லாம் லாரி பின்னால் வந்து கடையை ஒட்டி நிற்கும். சாலையை அகலப்படுத்தியதில் அந்த வழி போய்விட்டது. இப்போது லாரி வேப்பமரத்தடியில் நிற்கிறது. கடையிலிருந்து எண்பது எட்டு நடை. இருபத்தைந்து கிலோப் பெட்டியைத் தலையில் ஏற்றி, எண்பது எட்டு நடந்து, நாலடி உயரத்து லாரிக்குள் தூக்கிக் கொடுக்க வேண்டும். மொக்கராசு வந்து நின்றான்.

“அக்கா, ரெண்டு கேட்குறோம். ஒரு தள்ளுவண்டி, ஒரு சாய்ப்பலகை. கடையிலருந்து வண்டில வச்சுத் தள்ளிப் பலகை வழியா அப்படியே லாரிக்குள்ள ஏத்திருவோம். கழுத்து பிடிச்சுக்குதுக்கா.”

“நான் சுமக்கும்போது எனக்கு யாரு பலகை போட்டா?” என்றேன்.

“அதான் உங்களுக்குத் தெரியுமேன்னு வந்தோம்” என்றான்.

இப்படி மடக்கிப் பேசினால் எனக்கு ஆகாது. போடா என்றுவிட்டேன். அவன் விடவில்லை, வாரத்துக்கு ஒரு தடவை வந்து நின்றான். நானும் பதில் தேடிக்கொண்டேதான் இருந்தேன். பதில் மாடியிலிருந்து வந்தது.

அன்றைக்கு சார் நடத்தின பாடம், வேலை. வெறும் வேலை. அப்படி ஒரு பாடமே இருக்கிறது தம்பி.

“ஒருத்தர் தலையில மூட்டையோட அரை மணி நேரம் அசையாம நிக்கிறார். எவ்வளவு வேலை செஞ்சார்?”

“நிறைய சார்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“சுழி!” என்றார் சார்.

நான் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன்.

“விசை கொடுத்தா மட்டும் போதாது. விசை கொடுத்த திசையில பொருள் நகரணும். நகரலைன்னா வேலை சுழி. சரி, அந்த மூட்டையோட அவர் சமதரையில நடந்து போறார். இப்ப?”

“இப்ப நிறைய சார்!” என்றார்கள் பிள்ளைகள்.

“இப்பவும் சுழிதான்! அவர் விசை மேல் நோக்கி, மூட்டை போறது பக்கவாட்டுல. மூட்டை மேல அவர் செஞ்ச வேலை ஒண்ணும் இல்லை.”

அப்படியே போய் அவர் காலில் விழலாம் போல இருந்தது. பதினாலு வருஷம் நான் ஒரு வேலையும் செய்யவில்லை என்று ஆகிறதே என்று ஒரு நிமிஷம் சுருக்கென்றதுதான். அதை ஓரமாக வைத்துவிட்டேன். லாபம் எந்தப் பக்கம் என்பதல்லவா முக்கியம்? அதற்குள் கடை அடைக்கிற நேரம் வந்துவிட்டது. மிச்சப் பாடம் நமக்கு எதற்கு, வேண்டியது கிடைத்துவிட்டது என்று ஷட்டரை இழுத்துவிட்டேன்.

மறுநாள் சார் வந்ததும் ஒரு பெரிய அட்டையைக் கொடுத்து, “நேத்துச் சொன்னதைக் கொட்டை எழுத்துல எழுதிக் கொடுங்க” என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பெரியவர்கள் ஒருத்தர் அறிவியலைக் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவையாம். ‘விசையின் திசையில் பொருள் நகராவிட்டால் செய்யப்பட்ட வேலை சுழி’ என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். கல்லாவுக்கு மேலே மாட்டினேன்.

மொக்கராசு வந்தான். அட்டையைக் காட்டினேன்.

“படி. நடக்கிறது வேலையே இல்லைன்னு போட்டிருக்கு. பெட்டியைத் தலைக்குத் தூக்குறது வேலை, லாரிக்குத் தூக்குறது வேலை. நடுவுல எண்பது எட்டும் சுழி. வேலையே இல்லாத இடத்துக்குத் தள்ளுவண்டி எதுக்குடா?”

அவன் அட்டையை இரண்டு தடவை படித்தான். தலையைத் தடவினான்.

“சுழி எங்க தலையிலதான்க்கா இருக்கு. தினம் அது மேலதான் பெட்டியை வைக்கிறோம்” என்றான்.

“எடக்குப் பேசாத. இது நான் சொல்றதில்லை, அறிவியல் சொல்லுது.”

“அறிவியல் சொன்னாச் சரிதான்க்கா” என்று போய்விட்டான். அத்தனை சுலபமாகப் போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேரத்தில் எதிராளி சட்டென்று சரி என்றால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்கு நான்தான் சொல்லுவேன்.

அடுத்த புதன்கிழமை. சித்திரை வெயில். கேரளாவுக்கு இருநூற்று இருபது பெட்டி போக வேண்டும். இரண்டு வருஷம் போன் பேசி, நேரில் போய், சண்டை போட்டு, சமாதானமாகி நான் பிடித்த புது வியாபாரி. அவருக்கு இதுதான் முதல் லோடு. அங்கே சந்தை சாயங்காலம் நாலு மணிக்கு. பதினோரு மணிக்கு லாரி எங்கள் மண்டியை விட்டால்தான் மலை ஏறி இறங்கிப் போய்ச் சேரும். தவறினால் காய் மறுநாள் குழம்பாகிவிடும், அந்த மனுசர் பழைய ஆளிடமே திரும்பிவிடுவார். என் பேச்சுக்கு அந்தப் பக்கம் அதோடு மதிப்பு முடிந்தது. டிரைவர் குஞ்ஞுமோன் எட்டு மணிக்கே வந்து, “சேச்சி, பதினொண்ணு. அதுக்கு மேல நிக்கில்லா” என்று சொல்லிவிட்டு கேபினில் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.

எட்டேகாலுக்குப் பதினோரு பேரும் வந்தார்கள். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தார்கள். ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கித் தலையில் ஏற்றினார்கள். வரிசையாக நின்றார்கள்.

நின்றார்கள் தம்பி. அவ்வளவுதான்.

ஒரு நிமிஷம் பார்த்தேன். “என்ன, சாமி புறப்பாட்டுக்கு நிக்கிறீங்களா? நடங்க” என்றேன்.

“வேலை முடிஞ்சதுக்கா” என்றான் மொக்கராசு.

“என்ன முடிஞ்சது?”

“தலைக்குத் தூக்கியாச்சு. அது வேலை. இதுக்கு மேல லாரி வரைக்கும் வேலை கிடையாதே. அட்டை சொல்லுதே.”

“அதனால?”

“வேலை நேரத்துல வேலை இல்லாததைச் செய்யலாமா? தப்பில்லையாக்கா?”

பவுன்தாய் பெட்டிக்குக் கீழேயிருந்து, “நேத்து நான் வெத்தலை மடிச்சதுக்கே ‘வேலை நேரத்துல என்னடி இது’ன்னு மண்டி பூராவும் கேட்கக் கத்துனீங்க. இன்னைக்கு எண்பது எட்டு சும்மா நடக்கச் சொல்றீங்க. பெறகு நீங்களே திட்டுவீங்க” என்றாள்.

எனக்குத் தலைக்குள் தகரம் காய்வது போல ஆகிவிட்டது. என்னென்ன சொன்னேன் என்று இங்கே சொல்ல முடியாது, மரத்துக்குக் கூடக் காது கூசும். அவர்கள் அசையவில்லை. மணி ஒன்பது. பக்கத்துக் கடைகளுக்கு ஓடினேன். எட்டுப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் நேரே பெட்டியிடம் போகாமல் அட்டையிடம் போனார்கள். ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்தான், மற்றவர்கள் கேட்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். பதினொன்று பத்தொன்பது ஆனதுதான் மிச்சம். இப்படி உதவிக்கு ஆள் கூப்பிட்டு எதிராளிக்குச் சேர்த்துக் கொடுத்தவள் மண்டியில் நான் ஒருத்திதான்.

வெயில் ஏறியது. தக்காளி வேறு உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கே கேட்பது போல இருந்தது.

“போங்கடா, நானே ஏத்துறேன்” என்றேன். முந்தானையைச் சுருட்டி சும்மாடு வைத்தேன். எத்தனை வருஷம் கழித்துத் தெரியுமா? ஒரு பெட்டியைத் தூக்கி ஒரே வீச்சில் தலையில் வைத்தேன். வரிசையில் யாரோ விசில் அடித்தான். நடந்தேன். எண்பது எட்டும் நேராக, இடுப்பு வளையாமல் நடந்தேன். அப்போதும் எனக்கு நடைதான் அழகு என்பார்கள். மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தியில் பட்டது. லாரித் தளம் என் நெஞ்சு உயரம். தலையில் இருப்பதைக் கவிழாமல் எடுத்து விளிம்பில் வைக்க இன்னொரு கை வேண்டும், மேலே இருந்து வாங்க ஒரு ஆள் வேண்டும்.

“குஞ்ஞுமோனே! பெட்டியை வாங்கு.”

“ஞான் டிரைவராணு சேச்சி” என்று கேபினுக்குள் இருந்து சத்தம் மட்டும் வந்தது.

லாரிக்குள் வைக்க முடியவில்லை. கீழே இறக்கலாம். ஆனால் பத்தொன்பது பேர் பார்க்கிறார்களே. தலையில் பெட்டியோடு அந்தக் கோடியில் அவர்கள், இந்தக் கோடியில் நான். யார் முதலில் இறக்குவது? ஐந்து நிமிஷம். கழுத்து நரம்பு தனியாகத் துடிக்கிறது. வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கை இல்லை. பத்து நிமிஷம். பெட்டி இருபத்தைந்து கிலோதான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு கிலோ கூடுகிறது. எடைக்கல் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி எடை ஏறுகிற கல்லை நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூட லீவு என்பதால் சாருக்குக் காலையிலும் டியூசன். டீ குடிக்கக் கீழே இறங்கினவர், இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

“என்ன மேடம் இது?”

“சார், இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் இப்ப வேலை செய்றேனா இல்லையா?”

கண்ணாடியைச் சரிசெய்தார். “பெட்டி மேல நீங்க செய்ற வேலை...”

“சார், யோசிச்சுச் சொல்லுங்க. கை ரெண்டும் மேல இருக்கு, இல்லைன்னா...”

“சுழிதான் மேடம்” என்றார். பயந்த மனுசர்தான், ஆனால் பாடத்தில் மட்டும் வளைய மாட்டார். “ஆனா உங்க தசை சும்மா இல்ல. உள்ளே ஒவ்வொரு நாரும் ஓயாம இழுத்து விட்டு இழுத்து விட்டுத்தான் பெட்டியைத் தாங்குது. காலையில சாப்பிட்டதெல்லாம் அதுலயே எரிஞ்சு சூடா வெளிய வருது. பெட்டிக்கு வேலை சுழி, உடம்புக்குச் செலவு உண்டு.”

“இதை ஏன்யா அன்னைக்கே சொல்லல?”

“சொன்னேனே! அந்தச் சமயம்தான் நீங்க ஷட்டரை இழுத்தீங்க.”

அதற்குள் மொக்கராசு பெட்டியோடு என் பக்கம் வந்துவிட்டான். ஆமாம், நடந்துதான் வந்தான், அப்போது மட்டும் நடக்கலாமாம். “நான் கேட்டேன்க்கா. வெளிய பெட்டி அடுக்குல உட்கார்ந்து மிச்சப் பாடத்தையும் கேட்டுட்டுத்தான் போனேன். சொல்லுங்க. வண்டியும் பலகையும். ரெண்டும்.”

“வண்டி மட்டும்” என்றேன்.

“ரெண்டும்.”

“வண்டி இப்ப. பலகை ஆடியில.”

“நின்னு பேசுவோம்க்கா, எங்களுக்கு அவசரமில்ல.”

பேரத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் பலம் தம்பி. தலையில் சுமையோடு பேசுகிறவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் இறங்கிக்கொண்டே போவாள். அவனுக்கு அது பழக்கம், எனக்கு விட்டுப்போய்விட்டது. மணி பத்தாகப் போகிறது. அப்போதுதான் சார் பக்கத்தில் நின்று தமக்குத்தாமே பேசுகிற மாதிரி சொன்னார்: “பலகையும் நல்லதுதான் மேடம். தூக்குறதுக்குப் பதிலாச் சரிவுல தள்ளினா குறைஞ்ச விசையே போதும். எத்தனை மடங்கு குறையுதோ அதுக்கு இயந்திர லாபம்னு பேரு.”

“என்ன பேரு?”

“இயந்திர லாபம்.”

“லாபமா?”

“ஆமா. புத்தகத்துல அப்படித்தான்.”

பெட்டி பஞ்சாகிவிட்டது தம்பி. “எவ்வளவு லாபம்?” என்றேன்.

“பலகை நீளத்தை உயரத்தால வகுக்கணும். உயரம் நாலடி. பன்னிரண்டடிப் பலகைன்னா மூணு.”

“மூணுன்னா? நூத்துக்கு மூணா?”

“மூணு மடங்கு.”

மண்டியில் இத்தனை வருஷம், மூன்று மடங்கு லாபம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறேனா? “இதை முதல்ல சொல்றதுக்கு என்னய்யா? நாலு மாசமா ‘கழுத்து வலிக்குது, கழுத்து வலிக்குது’ன்னு வந்து நிக்கிறானே ஒழிய, லாபம்னு ஒரு வார்த்தை சொன்னானா? மொக்கராசு, பலகை வாங்குறோம். இப்பவே!”

மொக்கராசு சாரைப் பார்த்தான். சார் மொக்கராசைப் பார்த்தார். “அதுல ஒண்ணு மேடம், விசையில மிச்சமாகுறது தூரத்துல செலவாகிடும்...” என்று சார் ஏதோ இழுத்தார். “தூரம் அவங்க நடக்கிறது சார். லாபத்தை மட்டும் பேசுங்க” என்று நிறுத்திவிட்டேன்.

மொக்கராசு என் தலையிலிருந்து பெட்டியை இறக்கினான். பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் சாரப்பலகை இரண்டு கேட்டு வாங்கிச் சேர்த்துக் கட்டினோம். சிமெண்டுக் கடையில் தள்ளுவண்டி இரவல். பத்தொன்பது பேரும் இறங்கினார்கள் பாருங்கள், எட்டெட்டுப் பெட்டியாக வண்டி போகிறது, பலகையில் ஏறுகிறது, வருகிறது. பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குஞ்ஞுமோன் எழுந்து, “ஆயோ?”, முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். நாலு மணிக்கு அந்த வியாபாரியிடமிருந்து போன் வந்தது. ‘தக்காளி கொள்ளாம்’ என்றார். நல்லா இருக்கிறது என்று அர்த்தம். முதலில் நானும் கொள்ளாது என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விட்டேன்.

மறுநாளே பன்னிரண்டடிப் பலகையும் சொந்தத் தள்ளுவண்டியும் வாங்கிப் போட்டேன்.

ஒரு மாசம் போனது. மூன்று மடங்கு லாபத்தைத் தேடினேன். கல்லாவில் இல்லை. வியாபாரம் எப்போதும் போலத்தான். யார் கையிலோ நழுவுகிறது என்று எனக்குச் சந்தேகம். சாரைப் பிடித்தேன்.

“லாபம்னீங்களே சார், எங்க அது?”

அவர் விரலை நீட்டினார். அங்கே மொக்கராசு வண்டியைத் தள்ளிக்கொண்டு பாட்டுப் பாடியபடி போகிறான். நாலு மாசமாக ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்த கழுத்து நேராக நிற்கிறது. பவுன்தாய் தைலம் தேய்ப்பதை விட்டுவிட்டாளாம்.

“அங்க இருக்கு மேடம். தள்ளுற கைக்குத்தான் அந்த லாபம் போகும்.”

எனக்கு வந்ததே கோபம். பலகை யாருடையது? வண்டி யாருடையது? லாபம் மட்டும் அவன் கழுத்துக்கா? இது என்ன நியாயம்? நேரே போய் வண்டியை மறித்தேன். “மொக்கராசு, என் பங்கு எங்கடா?”

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அப்புறம் ரொம்ப மரியாதையாக, “கேட்டது நியாயம்தான்க்கா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. உங்க பங்குன்னு பத்துப் பெட்டி ஒதுக்கி வைக்கிறோம். நீங்களே தள்ளிக்கங்க” என்றான்.

போனேன். முதல் பெட்டியைத் தனியாகத் தள்ளி ஏற்றினேன். என்ன சொல்வது தம்பி! அதே இருபத்தைந்து கிலோ. அன்றைக்குத் தலையில் நின்றுகொண்டு என் உயிரை எடுத்த அதே பெட்டி. பலகையில் வைத்துத் தள்ளினால் எட்டொன்பது கிலோ மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. மிச்சம் பதினாறு கிலோ எங்கே போனது? அதுதான் லாபம். என் கையிலேயே தெரிகிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை ஒரு நாள்கூட விடக் கூடாது. காய்ச்சலோ மழையோ, தினம் ஏழு மணிக்குப் போய் என் பத்துப் பெட்டியை ஏற்றிவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவேன். பலகை இருபதடி ஆனால் ஐந்து மடங்கு. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆனால் பத்தோடு நிறுத்துகிறவளா நான்? போன வாரம் கூப்பிட்டு நிறுத்தினேன். “பத்து பத்தாது. இருபத்தஞ்சு வேணும்” என்றேன். மொக்கராசு கையை விரித்தான். முடியவே முடியாதாம், மற்றவர்கள் பங்கு குறையுமாம், பவுன்தாய் சண்டைக்கு வருவாளாம். பன்னிரண்டு என்றான். நான் இருபத்திரண்டு என்றேன். பதினாலு என்று கெஞ்சினான். கல்லாவைத் தட்டினேன், பலகையைத் தூக்கி உள்ளே போட்டுவிடுவேன் என்றேன். அரை மணி நேரம். கடைசியில் பதினெட்டுப் பெட்டிக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

மனுசன் முகத்தைப் பார்க்க முடியவில்லை தம்பி. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தோள் இரண்டும் குலுங்கிக் குலுங்கி ஓயவில்லை. பவுன்தாயும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். பேரத்தில் எத்தனையோ பேரைத் தோற்கடித்திருக்கிறேன், இப்படி இரண்டு பேரை ஒரே நேரத்தில் அழவைத்ததில்லை. எனக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது.